எரியும் சூளை எது?

விருத்தாசலத்தில் பீங்கான் வாங்கச் செல்வோர், கோப்பையை விரலால் சுண்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கணீரென்று ஒலித்தால் பொருள் நலம். ஓசை மழுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே உண்டு. மனித உடலையும் இவ்வாறு சுண்டிப் பார்த்து உள்ளிருக்கும் குறையை அறிய இயலுமாயின் எத்துணை நலம்! அத்தகைய வழி ஒன்றைப் பற்றியே இத்திங்கள் நம் குடும்பங்களோடு உரையாட விரும்புகிறோம்.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் முதலியவை பெரும்பாலும் உறுப்புகளின் வடிவையே காட்டுகின்றன. கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரிது என்பதை அவை சொல்லும். ஆனால், அது உயிர்ப்புடன் வளர்கிறதா, அன்றிச் சிகிச்சைக்குப்பின் எஞ்சிய வெறும் தழும்பா என்பதை வடிவம் மட்டும் சொல்லிவிடாது. நம் ஊர்ச் சூளைகளையே எண்ணிப் பார்ப்போம். தொலைவிலிருந்து காண்போர்க்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். எது எரிகிறது, எது அணைந்துவிட்டது? விறகை விழுங்கும் சூளையே எரியும் சூளை. பெட் ஸ்கேன் எனும் சோதனையின் தத்துவமும் இதுவே.

புற்றுநோய் உயிரணுக்களில் பல, நல்ல உயிரணுக்களைவிட மிகுதியாகச் சர்க்கரையை உட்கொள்கின்றன. 1920-களில் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் இதனை ஆராய்ந்து கூறினார். அந்தப் பசியையே மருத்துவர்கள் தூண்டிலாக்கினர். குளூக்கோசைப் போன்ற ஒரு பொருளுடன் கதிரியக்கமுள்ள ஃப்ளூரின்-18 அணுவைப் பிணைத்து, மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்துகின்றனர். நோயாளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க வேண்டும். பசித்த உயிரணுக்கள் அப்பொருளை விழுங்கி, முழுவதும் எரிக்க இயலாமல் தம்முள் தேக்கிக்கொள்கின்றன. அங்கிருந்து எழும் கதிர்களை, உடலைச் சூழ்ந்த வளையக் கருவி உணர்ந்து படமாக்குகிறது. 1976-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இம்மருந்து முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவின் முதல் பெட் கருவி 2002-இல் மும்பையில் நிறுவப்பெற்றது.

சர்க்கரை மட்டுமன்றி வேறு தூண்டில்களும் உள்ளன. பிராஸ்டேட் சுரப்பியின் புற்றணுக்களுடைய மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதம் மிகுந்திருக்கும். பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அதனைப் பற்றும் மூலக்கூறுடன் காலியம்-68 அணுவைச் சேர்த்து அனுப்பினால், எலும்பில் ஒளிந்த சிறு கட்டியும் பல வேளைகளில் வெளிப்படும். அத்தகைய சாவியிலேயே லுட்டீசியம்-177 அணுவை ஏற்றினால், தேடிய மருந்தே தாக்கும் மருந்தாகவும் மாறுகிறது.

இச்சோதனை நம் சிற்றூர்கள்தோறும் ஏன் இல்லை என்று வினவுவோர் உண்டு. ஃப்ளூரின்-18 அணுவின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் என்னும் இயந்திரத்தில் செய்து, ஆறுமுன் பரிமாறும் உணவைப்போல் விரைந்து கொண்டுசேர்க்க வேண்டும். ஆகவேதான் நம்மவர் சென்னைக்கோ வேலூருக்கோ இரயிலேற நேர்கிறது.

எனினும், ஒளிர்வதெல்லாம் புற்று அன்று. காசநோயும் பிற அழற்சிகளும் இப்படத்தில் ஒளிரும். மூளை இயல்பாகவே சர்க்கரையை மிகுதியாக உண்பதால் அதுவும் ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுகளோ ஒளிராமலே போகலாம். ஆதலின் படத்தைக் கண்டவுடன் கலங்கவும் வேண்டா. தெளிந்துவிட்டது என மகிழ்ந்துவிடவும் வேண்டா. பெரும்பாலும் முடிவு கூறுவது திசு ஆய்வே.

பயன் எங்கே? நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்டதை முன்னரே அறிந்தால், பயனற்ற அறுவையின் துன்பம் தவிர்க்கப்படும். சில நிணநீர்ப் புற்றுகளில் இரண்டு சுற்று மருந்துக்குப்பின் எடுக்கும் படம், மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்பதற்கு வழிகாட்டும். ஆனால், நோய்க்குறி எதுவுமற்றோர் முன்னெச்சரிக்கை என்றெண்ணி இதனை எடுப்பது பொதுவாகத் தகாது. செலவும் கதிர்வீச்சுமே மிஞ்சும்.

தாலிக்கொடியை அடகு வைக்கப் புறப்படும் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுதான். முதலில் மருத்துவரிடம், "ஐயா, இப்படத்தின் முடிவால் சிகிச்சை மாறுமா?" எனக் கேளுங்கள். மாறும் என்றால் தயங்காதீர்கள். காப்பீடு உண்டா என்பதையும் மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். நீரிழிவு, கருவுற்றிருத்தல், பாலூட்டுதல் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் வயிற்றுடன் வரச் சொன்னால் அவ்வாறே செல்லுங்கள். சோதனை முடிந்த சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நெருங்காதிருங்கள்.

தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அந்நாளில் இந்நோயின் பெயரைச் சொல்லவும் மக்கள் அஞ்சினர். இன்றும் அதை அண்டை வீட்டார்க்கு மறைக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் உள்ளன. விரிசலை மறைத்த கோப்பை சூட்டில் வெடிக்கும். மறைவை விடுத்து, காலத்தே மருத்துவரை நாடுவோம். சோதனைக்குச் செல்பவர் தனியே இரயிலேறாதபடி, நம்மில் ஒருவர் உடன் செல்வோம்.