சாப்ட்வேர் இல்லாமல் கடலுக்குப் போன போர்க்கப்பல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நல்ல ஹார்ட்வேராகப் பார்த்து வாங்கிவிட்டேன். சாப்ட்வேருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?" பதிலாக நான் சொல்லும் உதாரணம் பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 23 வகை பிரிகேட்.

பிரிகேட் என்றால் என்ன?

மற்ற கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் நடுத்தரப் போர்க்கப்பலே பிரிகேட். டைப் 23 கப்பலின் நீளம் 133 மீட்டர். பணியாற்றுவோர் சுமார் 185 பேர். நீர்மூழ்கிகளைத் தேடுவதுதான் இதன் முக்கிய வேலை. இதற்காக, நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனார் கருவியை நீண்ட கேபிளில் கட்டிப் பின்னால் இழுத்துச் செல்லும்.

தன் இன்ஜின் இரைச்சலே பெரிதாக இருந்தால் எதிரியின் ஓசை எப்படிக் கேட்கும்? எனவே தேடும் நேரத்தில் டீசல் ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் எலக்ட்ரிக் மோட்டார்கள் கப்பலை ஓட்டுகின்றன. சத்தம் தண்ணீரில் இறங்காதிருக்க, நான்கு ஜெனரேட்டர்களில் இரண்டை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தார்கள். வேகம் தேவைப்பட்டால் காஸ் டர்பைன்கள் கைகொடுக்கும்.

1982ல் நடந்த பாக்லாந்து போரில் தீயால் பட்ட அடியும் வடிவமைப்பை மாற்றியது. கப்பலை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காற்றோட்டம் கொடுத்தார்கள். ஒரு பகுதியின் புகை அடுத்ததற்குப் பரவாது.

எது இல்லை?

இத்தனையும் சேர்ந்து, முதல் கப்பலான நார்போக் 1990ல் பணியில் சேர்ந்தது. ஆனால் எல்லாவற்றையும் இணைக்க வேண்டிய கட்டளை கம்ப்யூட்டர் அதில் இல்லை! முதலில் திட்டமிட்ட சிஸ்டம் இந்தக் கப்பலின் தேவைக்குப் போதாது என்று பாதியிலேயே கைவிடப்பட்டிருந்தது.

இதனால் என்ன ஆகும்? ரேடார் ஒன்றைப் பார்க்கும், சோனார் ஒன்றைக் கேட்கும். இரண்டையும் சேர்த்து ஒரே படமாகத் திரையில் காட்ட ஆள் இல்லை. மனிதர்களே ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். பாய்ந்து வரும் ஏவுகணையோ அதற்கு அவகாசம் தராது. உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், இப்படிப்பட்ட கப்பலைக் கடும் போருக்கு நம்பி அனுப்ப முடியாது.

முதல் ஏழு கப்பல்கள் இப்படித்தான் கடலுக்குச் சென்றன. 1994ல் பணியில் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் கப்பலில்தான் புதிய சிஸ்டம் முதலில் வந்தது. இதில் வேலை ஒரே பெரிய கம்ப்யூட்டரை நம்பியில்லை. பல கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் இணைந்து பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று அடிபட்டாலும் மற்றவை தொடரும். முந்தைய கப்பல்களிலும் பின்னர் இதைப் பொருத்தினார்கள். 2002க்குள் மொத்தம் 16 கப்பல்கள் சேர்ந்தன. மூன்று பிறகு சிலி நாட்டுக்கு விற்கப்பட்டன.

நமக்கு என்ன?

கம்ப்யூட்டர் வாங்கும் முன் எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள். அந்த வேலைக்கான சாப்ட்வேர் எது, அது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பாருங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள். முக்கியமான பைல்களை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைக்காமல் வேறொரு இடத்திலும் ஒரு காப்பி வைத்திருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் போர்க்கப்பலுக்கும் இந்த இரண்டும் பொதுவானவை.