முதலில் சான்று, பிறகு பணம்
தொலைதூர விற்பனையாளரிடம் பழைய ஜீப் வாங்குவோர் கவனத்திற்கு

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய வண்டி எல்லா ஊர்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. மலைத் தோட்டம் வைத்திருப்பவர், காட்டோரம் விவசாயம் செய்பவர், மழைக்காலத்தில் சேற்றுப் பாதையைக் கடந்தாக வேண்டியவர் ஆகியோர் தேடுவது பெரும்பாலும் வேறொரு மாநிலத்தில்தான் விற்பனைக்கு நிற்கிறது. மாருதி ஜிப்ஸி இன்று உற்பத்தியில் இல்லை. நல்ல நிலையில் உள்ளவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மஹிந்திரா தார், ஸ்கார்ப்பியோ, டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்றவை தில்லி வட்டாரத்தில் குறைந்த விலைக்கு வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தேசியத் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பின்னர் அமலாக்கத்தில் தளர்வுகள் வந்தபோதிலும், வயதான டீசல் வண்டியை வெளிமாநிலத்தில் விற்றுவிடும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது.

குடகில் இருக்கும் ஒருவர் தில்லி வண்டியின் படங்களைக் கைப்பேசியில் பார்க்கிறார். உள்ளூர் விலையைவிட ஒன்றரை இலட்சம் ரூபாய் குறைவு. விற்பவர் கனிவாகப் பேசுகிறார். முன்பணம் அனுப்பினால் வண்டியைப் பிடித்து வைப்பதாகச் சொல்கிறார். இவர் என்ன செய்ய வேண்டும்?

இத்தகைய வாணிபத்தில் ஆள், ஆவணம், வண்டி என மூன்றைத் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வொன்றும் உறுதியான பிறகே அதற்குரிய அளவு பணம் நகர வேண்டும். சான்று முன்னால் செல்ல, பணம் அதன் பின்னால் செல்லும் இந்த ஒழுங்கைக் காத்தால், கண்ணால் பார்க்காமல் வாங்குவதும் பெருமளவு பாதுகாப்பானதே.

ஆள் யார்?

பதிவுச் சான்றில் உள்ள பெயர், விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர், பணம் சேரவேண்டிய வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். “மைத்துனர் கணக்கிற்கு அனுப்புங்கள்”, “நண்பருக்காக நான் விற்கிறேன்” என்ற பேச்சு வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியே பணம் அனுப்பும் முன், பெறுநரின் கணக்கு எண்ணுக்கு உரிய பெயரைத் திரையில் காணும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட அரை நிமிடம் போதும்.

சீருடை அணிந்த படத்தையும் படைவீரர் அடையாள அட்டையின் நகலையும் அனுப்பி, “எனக்கு எல்லைக்கு இடமாற்றம், அவசரமாக விற்கிறேன், வண்டி லாரியில் ஏறிவிட்டது, போக்குவரத்துக் கட்டணத்தை மட்டும் அனுப்புங்கள்” என்று பேசுவது நாடெங்கும் காவல்துறையினர் எச்சரித்துவரும் பழகிய ஏமாற்று. படைவீரர்மீது மக்கள் வைத்திருக்கும் மதிப்பே இங்கு முதலீடாகிறது. முதலில் சிறு தொகை, பின் காப்பீட்டிற்கு, பின் நுழைவு வரிக்கு என்று கேட்பு நீளும். வண்டி மட்டும் வந்துசேராது. “பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்பது அதன் அடுத்த படி. யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை.

ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் வாடிக்கையாளரைக் காக்க 2017இல் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்தது. ஆனால், நாமே ஒப்புதல் அளித்து அனுப்பிய பணம் அந்த விதிகளுக்குள் வராது. ஏமாந்தது தெரிந்த அந்த நொடியே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.

ஆவணம் பேசட்டும்

பதிவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டே பலவற்றை அறியலாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்திலும் எம்-பரிவாஹன் செயலியிலும் பதிவு நாள், எரிபொருள், எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, கடன் நிலுவைக் குறிப்பு உண்டா என்ற விவரங்கள் கிடைக்கும். நிலுவையில் உள்ள அபராதங்களை இ-சலான் தளம் காட்டும். திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன விசாரணைச் சேவையில் பார்க்கலாம். இவற்றை விற்பவர் அனுப்பும் திரைப்படங்களிலிருந்து நம்பாமல், நீங்களே உள்நுழைந்து பாருங்கள்.

வண்டிமீது கடன் இருந்தால், “நீங்கள் பணம் கொடுங்கள், நான் கடனை அடைத்துவிடுகிறேன்” என்ற ஏற்பாட்டிற்கு உடன்பட வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே முடிக்கும் தொகைக்கான அறிக்கையை விற்பவர் வாங்கட்டும். அந்தத் தொகையை அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துங்கள்; மீதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள். பின்னர் நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும், கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் வர வேண்டும். அந்தக் கடிதம் குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும் என்பதால் அதன் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் மாறும் வண்டிக்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இன்றியமையாதது. விற்பவர் படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி எந்த அலுவலக எல்லைக்குச் செல்கிறதோ அந்த அலுவலகத்தின் பெயர் சான்றில் சரியாக இருக்க வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30. புதிய பதிவு எண்ணுக்குப் படிவம் 27. வெளிமாநில விற்பனையை விற்பவர் 45 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவு எண் பெற்றாக வேண்டும்.

வண்டியின் வயதையும் எரிபொருளையும் சொல்லி, அதை ஏற்பார்களா, வாழ்நாள் வரி எவ்வளவு வரும் என்று உங்கள் பகுதி அலுவலகத்தில் விலை பேசும் முன்பே கேளுங்கள். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும் காலத்தை நம்பிக் கணக்கிட வேண்டாம். ஆய்வுக் கட்டணம், லாரி வாடகை, புதிய வரி, பதிவுச் செலவு, காப்பீடு ஆகிய ஐந்தையும் விலையோடு கூட்டுங்கள். குடகு நண்பர் கண்ட ஒன்றரை இலட்சம் மிச்சம் அப்போது எவ்வளவு சுருங்குகிறது என்பது தெரியும். சில வேளைகளில் மறைந்தே போகும்.

வண்டி எப்படி?

முதல் கேள்வி, அது உண்மையிலேயே நான்கு சக்கர இயக்கம் உள்ளதா என்பது. ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவை இரு சக்கர இயக்கத்திலும் வந்தவை. தார் வண்டியும் 2023 முதல் பின்சக்கர இயக்கத்தில் கிடைக்கிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு. பின்கதவில் “ஃபோர் பை ஃபோர்” எழுத்தை யாரும் ஒட்டலாம். பதிவுச் சான்றில் உள்ள மாடல் பெயரையும் சேசிஸ் எண்ணையும் நிறுவனத்தின் சேவை மையத்தில் காட்டி உறுதிசெய்யுங்கள். உரிமையாளரின் இசைவோடு பழைய பராமரிப்புப் பதிவுகளையும் அங்கே கேட்கலாம். ஓடிய கிலோமீட்டர் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால் அதில் வெளிப்படும்.

அடுத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை நீங்களே அமர்த்துங்கள். கூலியையும் நீங்களே கொடுங்கள். வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலிலும் பனிப்பகுதிச் சாலைகளிலும் ஓடிய வண்டியின் துரு அடியில்தான் இருக்கும். டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவற்றின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்த்தால், அது பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பது உள்ளே தண்ணீர் புகுந்ததன் அடையாளம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிநுனியில் வண்டல் படிந்திருக்கலாம். இருக்கைக்கடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கலாம். 2015இல் சென்னையிலும் 2018இல் கேரளத்திலும் வந்ததுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள், துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விற்கப்படுவதுண்டு.

நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பின் அச்சுகள் இறுகப் பிணையும் வகை வண்டிகளைக் காய்ந்த தார்ச்சாலையில் அந்த நிலையில் திருப்பினால் இயக்கப் பகுதிகள் முறுக்கேறிப் பழுதாகும். குறைந்த கியர் வரிசை சத்தமின்றிப் பிடிக்கிறதா, முன்சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று காணொலி அழைப்பில் நேரடியாகக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் தடவை இயக்கிக் காட்டட்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் அந்த அழைப்பிலேயே காட்டச் சொல்லுங்கள். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒத்த தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

வெளியில் வாங்கிப் பொருத்திய உயர்த்தும் சாதனம், அளவு மீறிய டயர், இரும்பு முன்தடுப்பு ஆகியவை விலையைக் கூட்டும் அழகு அல்ல. தயாரிப்பாளர் அளித்த வடிவத்திற்கு மாறான மாற்றங்கள் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. முன்தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மறுபதிவுக்கு வண்டியைக் காட்டும் நாளில் இவற்றைக் கழற்ற நேரிடலாம்.

பணம் நகரும் வரிசை

வண்டியின் விலை 9 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இணையச் சரிபார்ப்பு முடியும்வரை ஒரு ரூபாயும் தர வேண்டாம். மெக்கானிக்கின் அறிக்கை வந்த பிறகு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் பேரில், இழந்தால் தாங்கக்கூடிய ஒரு சிறு முன்பணம் கொடுக்கலாம். தடையின்மைச் சான்று கிடைக்காவிட்டால் அது திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சான்று பெற நாட்கள் ஆகும் என்பதால் அதற்குரிய காலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சான்றும் கையொப்பமிட்ட படிவங்களும் தயாரான பின், நீங்களோ நம்பிக்கைக்குரிய ஒருவரோ நேரில் சென்று, வண்டியும் மூல ஆவணங்களும் கைக்கு வரும் அதே வேளையில் மீதியை அனுப்புங்கள். ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதல் இரவு பகலாக, விடுமுறை நாளிலும் இயங்குவதால் முன்னதாகவே அனுப்பிவைக்க வேண்டிய தேவை இல்லை. 2 இலட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. வங்கி வழியே கொடுத்த பணமே நீதிமன்றத்திலும் சான்றாக நிற்கும்.

பழைய வண்டிக் கடன் பெறுவோருக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. வங்கி தன் மதிப்பீட்டாளரைக் கொண்டு வண்டியையும் ஆவணங்களையும் ஆராய்கிறது. அந்த மதிப்பு, பேசிய விலையைவிட மிகக் குறைவாக இருந்தால் அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

பெயர் மாறும்வரை

வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. மூன்றாம் நபருக்கான காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். ஆனால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கான பாதுகாப்பு தானாக மாறாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துப் பெயரை மாற்றுங்கள். பழைய உரிமையாளர் ஈட்டிய ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவருக்கே உரியது; ஆகவே பிரீமியம் கூடும்.

விற்பவருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றும், வண்டி கைமாறி விட்டிருந்தாலும் விபத்து இழப்பீட்டிற்கு அவரே பொறுப்பு என்றும் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, ஆயிரம் மைல் தொலைவில் வேறொருவர் ஓட்டும் வண்டி யாரையேனும் இடித்தால், அதை என்றோ விற்றுவிட்ட மனிதரின் வீட்டுக்கு நோட்டீஸ் போகும். இதை அறிந்த நேர்மையான விற்பனையாளர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார். விற்பனை ரசீதில் நாளும் நேரமும் எழுதச் சொல்வார். பெயர் மாற்றத்தின் நகலை அனுப்புமாறு விடாமல் நினைவூட்டுவார். அதைத் தொல்லையாக எண்ண வேண்டாம். ஆவணங்களைப் பற்றி உங்களைவிட அதிகமாகக் கவலைப்படும் விற்பனையாளர் கிடைத்தால், அவரிடம் வாங்கலாம்.