பொரிந்து உதிரும் சுவர்

1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பின் காலத்தில், தூத்துக்குடிக் கரையில் குவித்த சிப்பிகளை அழுகவிட்டு, சதையைக் கழுவிப் போக்கி, மலைபோன்ற கழிவினின்று கைப்பிடி முத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே மன்னார் வளைகுடாவை ஒட்டிய கூடங்குளத்தில் 2013-ல் மின்சாரம் தரத் தொடங்கிய அணு உலை என்றேனும் ஓய்வு பெறும் நாளில், நம் சந்ததியார் இதற்கு நேர்மாறாக, மலைபோன்ற நல்ல சுவரினின்று கைப்பிடி நஞ்சைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

காங்கிரீட் பார்வைக்குக் கல்லாயினும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. சீசியம் போன்ற கதிரியக்கப் பொருள் கலந்த நீர் அதன்மேல் சிந்தினால், அது ஊறி, பெரும்பாலும் மேற்புறத்துச் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிடுகிறது. இதற்காகச் சுவர் முழுவதையும் இடித்தால் அத்தனையும் அபாயக் கழிவாகிவிடும். உளியால் கொத்தினால் எழும் தூசி தொழிலாளியின் சுவாசத்தில் கலக்கும். நீரைப் பீய்ச்சினாலோ அந்த நீரும் சுத்திகரிக்க வேண்டிய பொருளாகிவிடும்.

இந்தச் சங்கடத்துக்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயங்களில் ஒன்று மைக்ரோவேவ் என்னும் நுண்ணலை. சூடேறிய மணலில் நெல்லை இட்டதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி உமியைப் பிளந்து பொரியாக மலர்வதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள். காங்கிரீட்டின் துளைகளிலும் ஈரம் உண்டு. நுண்ணலை அதைத் திடீரென்று கொதிக்கச் செய்ய, ஆவியின் அழுத்தமும், சூடான மேற்புறத்துக்கும் குளிர்ந்த உட்புறத்துக்கும் இடையே தோன்றும் இழுவிசையும் சேர்ந்து, மேற்பரப்பைச் சில்லுசில்லாய் வெடித்து உதிரச் செய்கின்றன. உடனிருக்கும் உறிஞ்சுகுழாய் அச்சில்லுகளை வாரிக்கொள்கிறது. சமையலறை அடுப்பிலுள்ள நுண்ணலை வினாடிக்கு 245 கோடி முறை அதிர்வது. அதைவிட வேகமாக அதிரும் அலை குறைந்த ஆழத்திலேயே தன் சக்தியைச் செலவிடுவதால், மெல்லிய தோலை மட்டும் உரிக்க அதுவே உகந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் 1990-களில் 1,060 கோடி அதிர்வுள்ள அலையையும் பரீட்சித்தார்கள். அதற்கு முன்பே ஜப்பானியர், 1963-ல் தம் நாட்டுக்கு முதல் அணுமின்சாரம் தந்த டோக்காய் உலையைக் கலைக்கும் முயற்சியில் இம்முறையை ஆராய்ந்தனர்.

கதிரியக்கம் இதனால் அழிவதில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். உதிர்ந்த சில்லுகளில் உள்ள சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் செல்லும். அதுவரையிலும் அதற்குப் பின்னும் அவற்றைக் காவலில் வைத்தே தீரவேண்டும். ஆனால் காக்க வேண்டியது ஒரு கட்டடம் முழுவதுமா, சில பீப்பாய்களா என்பதில் பெரும் வித்தியாசம் இருக்கிறது.

கூடங்குளத்தில் மேலும் உலைகள் எழும்பிக்கொண்டிருக்கும் இவ்வேளையிலேயே, கல்பாக்கத்து ஆராய்ச்சியாளரும் தூத்துக்குடி, நெல்லைப் பொறியியல் மாணவரும் நம் கரையின் சுவர்களுக்கேற்ப இவ்வித்தையைப் பயின்று வைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.