சத்தம் வருது... படம் வரலை!

எங்கள் ஆபீஸில் பிரிவு உபசார விழா. சூப்பரிண்டெண்டெண்ட் ரிட்டையர் ஆகிறார். மாலை போட்டாச்சு, மேனேஜர் பேசியாச்சு, மிக்சர் பாதி காலி. அடுத்த அயிட்டம், அமெரிக்காவிலிருந்து அவர் மகள் அனுப்பிய வாழ்த்து வீடியோ. லைட்டை அணைத்து, கம்ப்யூட்டரைத் தட்டினால்...

"அப்பா, எப்படி இருக்கீங்க?"

குரல் கணீரென்று வருகிறது. திரையில் மட்டும் அமாவாசை!

"வயரைப் பிடுங்கி மாட்டுப்பா" என்றார் ஒருத்தர். "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் இன்னொருத்தர். எந்த ஆபீஸிலும் இந்த ரெண்டு வைத்தியம்தான். ரெண்டும் பலிக்காமல் போக, நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. என் தகுதி? ஒரு தடவை பிரிண்டரில் சிக்கின பேப்பரை உருவியிருக்கிறேன். அன்றிலிருந்து நான்தான் செக்‌ஷனுக்கு கம்ப்யூட்டர் நிபுணர்.

சத்தம் வந்து படம் வராவிட்டால் வயர் மேல் தப்பில்லை சார். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று ஃபைல் பெயருக்குப் பின்னால் தொங்குகிறதே, அதெல்லாம் டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் சத்தம். எப்படி அமுக்கி அடைத்திருக்கிறது என்பதற்குப் பெயர்தான் கோடெக். அடைத்த விதம் தெரிந்த பிளேயர்தான் பிரிக்க முடியும். சத்தத்தின் அடைப்பு பெரும்பாலும் எல்லா பிளேயருக்கும் தெரிந்ததுதான். படம்தான் தகராறு. ஐபோன்கள் 2017-லிருந்து எச்.265 என்ற முறையில் படத்தைச் சேமிக்கின்றன. பழைய எச்.264-ஐவிட இடம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஆனால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரியான பழைய பார்ட்டிகளுக்கு அது புரியாது.

இந்த இடத்தில் சிலர் ஃபைலின் வாலை மாற்றி, எம்.பி.4-ஐ ஏ.வி.ஐ. ஆக்கிப் பார்ப்பார்கள். டிபன் கேரியரில் வேறு பெயர் வெட்டினால் உள்ளே இருக்கிற உப்புமா பொங்கலாகிவிடுமா? இன்னும் சிலர் "உங்கள் பிளேயருக்கு கோடெக் தேவை, இங்கே அழுத்துங்கள்" என்று கூப்பிடுகிற இடத்தில் அழுத்திவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கோடெக்கோடு வைரஸும் குடியேறும்.

என் பையிலிருந்த பென்டிரைவில் வி.எல்.சி. இருந்தது. ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே ஆரஞ்சு, வெள்ளைக் கூம்பு, அதுதான் இதன் சின்னம். 1996-ல் பாரிஸ் பக்கம் எகோல் சென்ட்ரால் என்ற கல்லூரியின் மாணவர்கள் ஆரம்பித்த வேலை. 2001-ல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்டார்கள். கோடெக்கெல்லாம் உள்ளேயே அடக்கம், காசும் கிடையாது. ஒன்றே ஒன்று... வீடியோலான் என்ற அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022-ல் பல மாதம் அந்தத் தளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்தச் சமயம் கண்ட இடத்தில் இறக்கிய காப்பி வைத்திருந்தால், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டேன். படம் வந்தது. ஆனால் மகள் முகம் பச்சைப் பசேல்! பின்வரிசையில் ஒரு ஆசாமி "விசா பச்சைக் கலர்ல வந்திருக்கு போல" என்று ஜோக்கடித்தார். சூப்பரிண்டெண்டெண்ட் சிரிக்கவில்லை.

பச்சை, கறுப்பு, கட்டம் கட்டமாக உடைந்த படம்... இதற்கெல்லாம் அடிக்கடி காரணம் ஒன்றுதான். படத்தைப் பிரிக்கும் வேலையை வி.எல்.சி. கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும். சிப் பழசு, அதன் டிரைவரும் பழசு என்றால் சொதப்பிவிடும். டூல்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், அதில் இன்புட்/கோடெக்ஸ். 'ஹார்ட்வேர் ஆக்ஸிலரேட்டட் டிகோடிங்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'டிஸேபிள்' ஆக்கி, சேவ் செய்து, பிளேயரை மூடித் திறக்க வேண்டும். கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

முகம் மனுஷ நிறத்துக்கு வந்தது. கைதட்டல்! உதடு முன்னால், பேச்சு பின்னால் வந்ததை மட்டும் சரிசெய்தேன். கீபோர்டில் 'ஜே' அழுத்தினால் ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் 50 மில்லி செகண்ட் முன்னே வரும். 'கே' அழுத்தினால் பின்னே போகும். சப்டைட்டிலுக்கு 'ஜி', 'எச்'. (பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது படம் விக்கினால், முதலில் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். பாதி விக்கல் அதிலேயே நிற்கும்.)

விழா முடிந்து காபி தம்ளரோடு சூப்பரிண்டெண்டெண்ட் என் சீட்டுக்கு வந்தார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, இன்னொரு ஃபைல் இருக்கு. மூணு வருஷமா திறக்கலை. கடையில காட்டினேன், போச்சுன்னுட்டாங்க."

போன வருஷம் காலமான அவர் மனைவி. மகளுக்கு அதிரசப் பாகு பதம் புரியவில்லை என்று, அடுப்படியில் அம்மா செய்வதை அப்பா போனில் எடுத்திருக்கிறார். நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

வி.எல்.சி.யும் கைவிரித்தது. எம்.பி.4-ல் ஒரு சூட்சுமம். புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி, எந்தப் படம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற அட்டவணையைப் போன் பொதுவாகக் கடைசியில், நீங்கள் ஸ்டாப் அழுத்தும்போதுதான் எழுதும். அதற்குள் உயிர் போனால் பக்கங்கள் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. ஏ.வி.ஐ. ஃபைல் என்றால் அட்டவணையை வி.எல்.சி.யே கட்டிக்கொள்ளும். எம்.பி.4-க்கு அந்த வித்தை அதனிடம் இல்லை.

ஃபைல் அளவைப் பார்த்தேன். 84 எம்.பி. பூஜ்யமாக இருந்திருந்தால் கும்பிடு போட்டிருப்பேன். அளவு இருக்கிறதென்றால் உள்ளே சரக்கும் இருக்கலாம்.

முதல் காரியம், காப்பி எடுத்து ஒரிஜினலை ஓரமாக வைத்தேன். 'அன்ட்ரங்க்' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு. அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த ஃபைலுக்குப் புதிதாக அட்டவணை எழுதப் பார்க்கும். எல்லா ஃபைலும் பிழைக்காது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"பேரன் பிறந்த நாள் வீடியோ இருக்கு, ஆகுமா?"

ஆயிற்று. புதுசாக ஒரு ஃபைல் வந்தது. கூம்பில் போட்டேன்.

மஞ்சள் புடவை. அடுப்பு. தட்டில் தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாகு. விரலால் உருட்டிக் காட்டுகிற அம்மாவின் உதடு முதலில் அசைந்தது, குரல் தாமதமாக வந்தது. நான் கீபோர்டுக்குக் கையை நீட்டுவதற்குள் அவர் குனிந்து தேடி, 'ஜே'யைத் தானே தட்ட ஆரம்பித்தார். ஒன்று... ரெண்டு... நாலு...

"என் மூஞ்சியை ஏன் எடுக்கறீங்க? பாகை எடுங்க, பாகை!"

இப்போது குரல் உதட்டோடு சரியாகப் பொருந்தியிருந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.