வாளி வாங்கியாச்சு, அப்புறம்?

காலை நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கோப்பி குடிக்கலாம் என்று எழுந்தேன். கலையகத் தொலைபேசி மறுபடியும் மின்னியது. தெலுக் இந்தானிலிருந்து ஓர் அம்மா. அன்றைய அங்கத்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருந்தோம். லைன் கிடைக்காமல் காத்திருந்து காத்திருந்து, நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

“தங்கச்சி, என் மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு. என்னென்ன வாங்கிக் கொடுக்கணும், சொல்லும்மா.”

நான் மளமளவென்று சொன்னேன். வாளி, தண்ணீர் அள்ளும் குவளை, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் வயர், படுக்கை விரிப்பு, ஹேங்கர், பூட்டு இரண்டு, பானடோல், மினியாக் ஆங்கின். அவர் எல்லாவற்றுக்கும் “ம்... வாங்கியாச்சு” என்றார்.

“அப்புறம் என்னக்கா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “கிடைச்சது சபாவுலம்மா. கோத்தா கினபாலு. ஒரே பொண்ணு. விட்டுடலாமான்னு இருக்கு.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேசியே பிழைப்பு நடத்துகிறவள் நான். அன்றைக்கு, “யோசிச்சுச் சொல்றேன்க்கா” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

வாளியோடு வந்தவள்

2009 ஜூலை. அப்போதெல்லாம் ஜூலை மாதத்தில்தான் புதிய மாணவர்கள் பதிவு. சுங்கை சிப்புட்டிலிருந்து இரவு பஸ் ஏறி, அப்பாவும் நானும் விடியற்காலையில் புடுராயாவில் இறங்கினோம். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து, கொமுட்டர் பிடித்து பாங்கி. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அப்பா லாரி ஓட்டுநர். அன்று லீவு போட்டு வந்திருந்தார். ஒரு பச்சை வாளிக்குள் குவளை, செருப்பு, ஊறுகாய் பாட்டில், சாமி படம் எல்லாம் அடைத்து வைத்திருந்தோம். கொமுட்டரில் அந்த வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். விடுதியின் மூன்றாவது மாடி வரை அவரே தூக்கினார். கிளம்பும்போது நான்காக மடித்த நாளிதழ்த் துண்டுக்குள் 150 வெள்ளியை வைத்துக் கையில் திணித்தார். “எதுனாலும் போன் பண்ணு” என்றார். அவ்வளவுதான்.

நான் போன் செய்தேன், தினமும் செய்தேன். உண்மையைச் சொன்னேனா என்பதுதான் கேள்வி.

முதலில் காகித வேலை

என் கதைக்கு வருவதற்கு முன், இப்போது வீட்டில் சலுகைக் கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள்.

சலுகைக் கடிதத்தை முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது நல்லது. இடத்தை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் ஒன்று இருக்கும். தூரமா, பக்கமா, விரும்பிய துறையா, இல்லையா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கையிலேயே அந்த நாள் கடந்துவிட்டால், பேச்சுக்கே வேலையில்லாமல் போய்விடும்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், ஐ.சி. எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்தப்பட்ட நகல்களை நாலைந்து தொகுப்பாக எடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனைப் படிவம் கேட்டிருந்தால், கிளினிக்குக் கடைசி வாரத்தில் ஓட வேண்டாம். அந்த வாரத்தில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

அடுத்தது பணம். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். அதை முன்கூட்டியே திறந்துவிடுங்கள். கடன் கிடைக்கும் என்பதற்காக, பதிவு நாளன்றே கையில் பணம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பதிவு முடிந்து, ஒப்பந்தம் முடிந்து, அதற்குப் பிறகுதான் கணக்கில் விழும். அதுவரை சாப்பாடு, பஸ், நகல் எடுக்கும் செலவு எல்லாம் சொந்தக் கையிலிருந்துதான். இரண்டு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.

பெற்றோரின் இ.பி.எஃப். சேமிப்பிலும் கல்விக்காக எடுக்க வழி உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கல்விச் செலவுக்கு உரியது ‘செஜாத்ரா’ கணக்கு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பி.டி.பி.டி.என். கடன்தான், இனாம் அல்ல. முதல்தரத் தேர்ச்சி பெறுவோருக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. மற்றவர்கள் கட்டித்தான் ஆக வேண்டும். நான் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இந்தக் கணக்கெல்லாம் 2009-இல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 150 வெள்ளி மூன்று வாரத்தில் தீர்ந்தது. கடன் பணம் வரும்வரை இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மெகிதான். அம்மா “சாப்ட்டியா?” என்று கேட்டால், “சோறு, மீன் கறி” என்பேன். முதல் பொய் அங்கே ஆரம்பித்தது.

இரண்டாவது பொய்

ஆரம்பப் படிப்பு தமிழ்ப்பள்ளியில், பிறகு இடைநிலைப்பள்ளி, ஆறாம் படிவம் என்று எல்லாம் மலாயில் படித்து வந்தவள் நான். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண். ஊரில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் பெருமையோடு வகுப்பில் போய் உட்கார்ந்தால், விரிவுரை மலாயில், படிக்க வேண்டிய நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு வாரத்துக்குள் நாற்பது பக்கம் படித்து வரச் சொல்வார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு ஆறாவது பக்கத்தில் நிற்பேன்.

பள்ளியில் ஆசிரியர் நம்மைத் தேடி வருவார். “ஏன் வீட்டுப்பாடம் செய்யல?” என்று கேட்பார். பல்கலைக்கழகத்தில் யாரும் தேடி வர மாட்டார்கள். வராவிட்டால் வருகைப் பதிவில் ஒரு கோடு, அவ்வளவுதான். கேள்வி கேட்டால் மட்டம் தட்டிவிடுவார்களோ என்று பயந்து பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாதித் தவணையில் நடந்த ஒரு சோதனையில் 20-க்கு 4 வாங்கினேன்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 17. வீட்டுக்குப் போனேன். முறுக்குத் தட்டை நீட்டியபடி சொந்தக்காரர்களெல்லாம் கேட்டார்கள். அப்பாவும் கேட்டார்: “படிப்பு எப்படிம்மா போகுது?”

“நல்லா போகுதுப்பா.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் விடுமுறையில் டவுனில் ஒரு சைபர் கபேயில் உட்கார்ந்து முடிவைப் பார்த்தேன். பாயிண்டர் 2.13. ஒரு பாடத்தில் தோல்வி. அதைத் திரும்ப எடுக்க வேண்டும். பாடத்தைக் கைவிட ஒரு காலக்கெடு உண்டு என்பதும், அந்த நாளுக்குள் என் கல்வி ஆலோசகரைப் போய்ப் பார்த்திருந்தால் தோல்வி என்றே பதிவாகியிருக்காது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒருவர் எனக்கென நியமிக்கப்பட்டிருந்தார். அவர் அறைக் கதவை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

அன்றிரவு அப்பா வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிடும்வரை காத்திருந்தேன். படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லத்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மெகி உட்பட.

அப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “லாரியில சத்தம் வித்தியாசமா கேட்டா ஓரமா நிறுத்திட்டு மொதலாளிக்குப் போன் பண்ணுவோம். திட்டுவாரு. ஆனா பயந்துகிட்டு ஓட்டிக்கிட்டே போனா இஞ்சினே போயிடும்மா. நீ ஏன் முன்னாடியே நிறுத்தல?” என்றார்.

மறு தவணைக்கு அவரே பஸ் ஏற்றிவிட்டார்.

பிறகு என்ன செய்தேன்?

பெரிய ரகசியம் எதுவுமில்லை. முதல் வாரத்திலேயே கல்வி ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். நான்கு பாடம் போதும், ஐந்தாவது வேண்டாம் என்று அவர் சொன்னதைக் கேட்டேன். ஒரு சீனியர் அக்கா, ஆங்கிலக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று காட்டிக்கொடுத்தார். முதலில் சுருக்கம், பிறகு முடிவுரை, அதன் பிறகுதான் நடுப்பகுதி. அகராதியை ஒவ்வொரு சொல்லுக்கும் திறக்காதே என்றார். நானும் இரண்டு மலாய்த் தோழிகளும் ஒரு சீனத் தோழியும் ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பிரித்துப் படித்து, கேன்டீனில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பில் வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்பது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். முதல் கேள்வி கேட்கையில் குரல் நடுங்கியது. இன்று அந்தக் குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

முதல்தரம் வாங்கவில்லை. ஆனால் 3-க்கு மேல் முடித்தேன். பட்டமளிப்புக்கு அப்பா அதே கொமுட்டரில் வந்தார். இந்தத் தடவை அவர் மடியில் வாளி இல்லை.

சபாவை விட்டுவிடலாமா?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். தெலுக் இந்தானிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பஸ்ஸில் போக அதைவிட அதிக நேரம் ஆகும். 1994-இல் தொடங்கப்பட்ட மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் தீபகற்பத்திலிருந்து போன நம் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் மலேசியர்கள்தான் என்றாலும், சபா, சரவாக்கில் இறங்கும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு. ஐ.சி.யைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையே பறக்க ‘ஃபிளைசிஸ்வா’ உதவி 2023-இல் அறிமுகமானது. அதைப் பற்றியும் விசாரித்து வையுங்கள்.

பிள்ளை தூரத்தில் இருக்கிறாள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பாங்கிக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. அரை நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். அப்படியிருந்தும் என் பெற்றோருக்கு ஐந்து மாதம் எதுவும் தெரியாது. அதற்குக் காரணம் தூரம் இல்லை, நான் வாய் திறக்காததுதான். மாலை போட்ட ஊருக்கு முன்னால் தோற்றுப்போனதாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போன் செய்யும்போது “நல்லா படிக்கிறியா?” என்று கேட்காதீர்கள். அதற்கு “ம்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “இந்த வாரம் எது புரியல? கையில எவ்வளவு காசு இருக்கு? யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேளுங்கள். பிள்ளை கிளம்புவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: “மார்க் குறைஞ்சா எங்ககிட்டதான் முதல்ல சொல்லணும். நாங்க திட்டினாலும் சொல்லணும்.”

பிள்ளைகளே, உங்களுக்கு: முதல் தவணையில் தடுமாறாதவர்கள் குறைவு. வகுப்பில் கெட்டிக்காரன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து இருக்கைக்காரனுக்கும் அந்த ஆறாவது பக்கம் புரியாமல் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தேன். இதையெல்லாம் சொல்லலாம் என்று குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “டிக்கெட் எடுத்தாச்சும்மா” என்றார். நான் அழைப்பதற்கு முன்பே மகளோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்களாம்.

“இப்ப ஒரே ஒரு சந்தேகம்தான் தங்கச்சி. கறித்தூள் ரெண்டு கிலோ வறுத்து அரைச்சு வெச்சிருக்கேன். பிளைட்ல கொண்டு போகலாம்ல?”

“போகலாம்க்கா. நல்லா ஒட்டி, ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டி, பெரிய பெட்டியில போட்டுடுங்க. துணியில வாசம் ஏறிடாம பார்த்துக்குங்க.”

“ஏறினா ஏறட்டும்மா” என்றார் அவர்.