பிறகு படிக்கும் செயலிகள்: தேர்ந்தெடுக்கும் முறை

இணையத்தில் கண்ணில் படும் ஒரு கட்டுரையை அப்போதே படிக்க நேரமில்லாதபோது, அதை எடுத்து வைத்து ஓய்வாகப் படிக்க உதவும் மென்பொருள்கள் ‘பிறகு படிக்கும் செயலிகள்’ எனப்படுகின்றன. இன்ஸ்டாபேப்பர், வாலபேக், ரீட்வைஸ் ரீடர், ரெயின்டிராப் ஆகியவை இன்று பயன்பாட்டில் உள்ளவற்றுள் சில. இத்துறையில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. அதில் பல ஆண்டுகளாகக் கட்டுரைகளைச் சேர்த்து வந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது என்பது அழகையும் வசதியையும் மட்டும் பொறுத்ததன்று என்பதை அந்த நிகழ்வு பலருக்கும் உணர்த்தியது.

முகவரியும் நகலும்

உலாவியில் உள்ள புக்மார்க் ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. வீட்டு முகவரியை எழுதி வைத்துக்கொள்வதைப் போன்றது இது. வீடு இடிக்கப்பட்டால் அந்த முகவரியால் பயனில்லை. பிறகு படிக்கும் செயலியோ பக்கத்தைத் திறந்து, கட்டுரைப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, நகலாக வைத்துக்கொள்கிறது. விளம்பரம், பக்கப்பட்டி, ‘இதையும் படியுங்கள்’ பெட்டி முதலியவை நீங்கிவிடும். நகல் கைப்பேசியிலேயே இறங்கியிருந்தால் இணையம் இல்லாத பேருந்துப் பயணத்திலும் படிக்கலாம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பத்தாண்டுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மறைந்துவிட்டது. முகவரியை மட்டும் சேமித்தவரிடம் மிஞ்சுவது தலைப்பு மட்டுமே.

கட்டுரையைப் பிரித்தெடுக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பது சுவையானது. ஆர்க்90 என்ற நிறுவனம் 2009இல் ‘ரீடபிலிட்டி’ என்ற சிறு நிரலை வெளியிட்டது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அது மதிப்பெண் போடும். பத்தி நீளமாக இருந்தால் மதிப்பெண் கூடும். காற்புள்ளிகள் மிகுந்திருந்தாலும் கூடும். ஒரு பகுதியில் இணைப்புகளே நிறைந்திருந்தால் குறையும், ஏனெனில் அது பெரும்பாலும் பட்டியலாகவோ விளம்பரமாகவோ இருக்கும். மிக அதிக மதிப்பெண் பெற்ற பகுதியே கட்டுரை என்று முடிவாகும். பயர்பாக்ஸ் உலாவியின் வாசிப்புப் பார்வை இந்த நிரலின் வழிவந்த நிரலைக் கொண்டே இயங்குகிறது. அதில் 25 குறியீடுகளுக்குக் குறைந்த பத்திகள் கணக்கில் சேர்வதில்லை. (நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் ‘தமிழ்நாடு’ என்ற சொல், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு 9 குறியீடு.) ஆகவே நீண்ட பத்திகள் கொண்ட உரைநடைக் கட்டுரை நன்றாகச் சேமிக்கப்படும். செய்யுள், வினா-விடை, அட்டவணை போன்ற குறுவரிப் பக்கங்களில் தவறு நேர வாய்ப்பு அதிகம்.

மூடப்பட்ட கடைகள்

பாக்கெட், 2007இல் நேட் வைனர் என்பவர் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயரில் பயர்பாக்ஸுக்காக எழுதிய நீட்சியாகத் தொடங்கியது. 2012இல் பெயர் மாறியது. 2017இல் மொசில்லா நிறுவனம் அதை வாங்கியது. 2025 மே மாதம் மூடும் அறிவிப்பு வந்தது. ஏழு வாரத்துக்குள் சேவை நின்றது. சேமித்தவற்றை ஏற்றுமதி செய்துகொள்ள அதன் பிறகும் சில மாதங்கள் அவகாசம் தரப்பட்டது. ஆனால் கையில் கிடைத்த கோப்பில் இருந்தவை முகவரி, தலைப்பு, குறிச்சொற்கள் போன்ற விவரங்களே. கட்டுரைகளின் உரை அதில் இல்லை. மூலப் பக்கம் முன்பே அழிந்திருந்தால் அந்தக் கட்டுரை போனது போனதுதான்.

இது முதல் முறையன்று. ரீடபிலிட்டியின் சேமிப்புச் சேவை 2016 செப்டம்பரில் நின்றது. திறமூலச் செயலி என்பதால் பலரால் விரும்பப்பட்ட ஆம்னிவோர், அதை உருவாக்கியவர்கள் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்ததை அடுத்து 2024 நவம்பரில் மூடப்பட்டது. அதன் நிரல் இன்றும் பொதுவில் உள்ளது. தெரிந்தவர்கள் தங்கள் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் நிறுவனத்தின் சர்வரை நம்பியிருந்த சாதாரண வாசகருக்கு நிரல் திறந்திருப்பதால் மட்டும் பயன் கிடைத்துவிடவில்லை.

இன்ஸ்டாபேப்பரின் கதை வேறு. மார்கோ ஆர்மென்ட் 2008இல் தொடங்கிய இது, 2013இல் பீட்டாவொர்க்ஸிடமும் 2016இல் பின்ட்ரெஸ்டிடமும் கைமாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 மே மாதம், அங்குள்ள பயனர்களுக்கு இச்சேவை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், தனி நிறுவனமான பிறகே மீண்டும் கிடைத்தது. பாக்கெட் மூடப்பட்ட பின் கோபோ மின்னூல் கருவிகளில் அதன் இடத்தை இன்ஸ்டாபேப்பர் பிடித்தது.

முதலில் பார்க்க வேண்டியது

செயலிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எழுத்துரு, கறுப்புப் பின்னணி, பொத்தான்களின் அமைப்பு ஆகியவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். மேலே சொன்ன வரலாற்றைப் பார்த்தால், வெளியேறும் வழியிலிருந்து தொடங்குவதே சரி. ஏற்றுமதி வசதி உண்டா, அதில் வருவது முகவரிப் பட்டியலா, முழு உரையா என்பதே முதல் கேள்வி. வாலபேக்கில் சேமித்த கட்டுரைகளை இபப், பிடிஎப் போன்ற வடிவங்களில் முழு உரையோடு வெளியே எடுக்கலாம். 2013இல் நிகோலா லுயே என்ற பிரெஞ்சுக்காரர் ‘போஷ்’ என்ற பெயரில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. சொந்த சர்வரில் இலவசமாக நிறுவலாம். அந்தச் சிரமம் வேண்டாதவர்களுக்குக் கட்டணச் சேவையும் உண்டு.

இலவசம் என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நகலை வைத்துக்கொள்ள ஒருவர் சர்வருக்குச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்பது விளங்காத சேவையில் பத்தாண்டுச் சேமிப்பை ஒப்படைப்பது புத்திசாலித்தனம் அன்று. கட்டணம் செலுத்துவதும் முழு உறுதி தந்துவிடாது. ஆயினும் வருமானம் உள்ள கடை திறந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பல சேவைகளில் முக்கிய வசதிகள் கட்டணப் பகுதியில்தான் உள்ளன. இன்ஸ்டாபேப்பரில் சேமித்தவற்றின் உள்ளே உரையைத் தேடுவதும், ரெயின்டிராப்பில் பக்கத்தின் நிலையான நகலை வைத்துக்கொள்வதும் அப்படிப்பட்டவை. ரீட்வைஸ் ரீடர் முழுக்கவே சந்தாவில் இயங்குவது. நிறையக் கோடிட்டுப் படிப்பவருக்கு அது தகும். வாரம் இரண்டு கட்டுரை படிப்பவருக்கு வீண் செலவு.

சேமிப்பது சில கட்டுரைகள்தான், நெடுநாள் வைத்திருக்கும் எண்ணமும் இல்லை என்றால், உலாவியில் ஏற்கெனவே உள்ள வாசிப்புப் பட்டியலே போதும். ஆப்பிளின் சபாரியில் 2011 முதல் இவ்வசதி உள்ளது. அமைப்பில் மாற்றிக்கொண்டால் இணையமின்றியும் படிக்கலாம்.

தமிழ்ப் பக்கங்களில் வரும் சிக்கல்

விளம்பரங்களில் பேசப்படும் சிறப்புகள் ஆங்கிலக் கட்டுரைகளை மனத்தில் வைத்தவை. தமிழில் படிப்பவர் தாமே சோதித்துப் பார்ப்பதுதான் வழி. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப் முதலிய வெவ்வேறு குறியாக்கங்களில் இருந்தன; அந்தந்தத் தளத்தின் எழுத்துருவோடு மட்டுமே அவை படிக்கக்கூடியவை. செயலி தன் எழுத்துருவைப் போட்டதும் அப்பக்கங்கள் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய பக்கங்களைச் சேமிப்பதற்கு முன் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தேடலில் இன்னொரு தொல்லை. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ என்று வரும் கட்டுரைகள் அகப்படுவதில்லை. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே திரிந்துவிடுகிறது அல்லவா? ‘மர’ என்று மட்டும் தந்தால், சொல்லின் பகுதியையும் தேடும் செயலியில் அவை கிடைக்கும், கூடவே ‘மரபு’, ‘மரணம்’ எல்லாம் வரிசையில் நிற்கும். முழுச் சொல்லை மட்டும் தேடும் செயலியில் அதுவும் நடக்காது. எனவே தமிழ்க் கட்டுரைகளுக்குக் குறிச்சொல் இடும் பழக்கம் தேடலை விடக் கைகொடுக்கும். குறிச்சொல்லை எப்போதும் ஒரே வடிவில் எழுத வேண்டும். இன்று ‘வரலாறு’, நாளை ‘வரலாற்றுக் கட்டுரைகள்’ என்று எழுதினால் இரண்டு பெட்டிகள் உருவாகிவிடும்.

சோதனைக்கு மூன்று பக்கங்கள் போதும். ஒரு நாளிதழ்க் கட்டுரை, அட்டவணை உள்ள ஒரு கலைக்களஞ்சியப் பக்கம், படங்களோடு கூடிய ஒரு பழைய பக்கம். மூன்றையும் செயலியில் சேமித்து, கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். கட்டுரை பாதியில் நிற்கிறதா, படம் வருகிறதா, அட்டவணை சிதைந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும். அன்றே ஒருமுறை ஏற்றுமதியும் செய்து, வரும் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. சந்தா இதழ்களைப் படிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செயலியின் சர்வர் தானாகப் போய்ப் பக்கத்தை எடுத்தால் அதற்குக் கிடைப்பது சந்தா இல்லாதவருக்குக் காட்டப்படும் முதல் பத்திதான். உலாவி நீட்சி வழியாகத் திரையில் உள்ளதையே அனுப்பும் வசதி இருந்தால் முழுக் கட்டுரை கிடைக்கும்.

ஒருவர் எதையெல்லாம் சேமிக்கிறார் என்பது அவருடைய நோய், வேலைத் தேடல், அரசியல் நாட்டம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், கணக்கை நீக்கினால் தரவும் நீங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வு மாணவருக்கு

கட்டுரையை மேற்கோள் காட்டப் போகிறவருக்கு மேற்சொன்ன செயலிகள் எவையும் முழுமையாகப் போதா. ஆசிரியர் பெயர், வெளியான நாள், எடுத்த நாள் ஆகியவற்றோடு பக்கத்தின் நகலையும் பதியும் ஜோடெரோ அவர்களுக்கு ஏற்றது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள் இது. ஒரு பக்கத்தைப் படங்களோடு ஒரே கோப்பாகக் கணினியில் இறக்கி வைக்க ‘சிங்கிள்பைல்’ என்ற உலாவி நீட்சி உள்ளது. எந்த நிறுவனம் மூடினாலும் அக்கோப்பு திறக்கும். மிக முக்கியமான பக்கமானால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் முகவரியைக் கொடுத்துப் பதிந்து வைக்கலாம். சில தளங்கள் இதைத் தடுத்திருப்பதால், பதிந்த பிறகு ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.