இந்த வாரம் என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம்... தெரியுமா?

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, இன்னொருவர் இந்தியில் பேச, கூட்டம் அலைமோதியது! ஆனால், அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம் கையில் இல்லை, தெரியுமா?

இதற்கு நேர் எதிரான அதிசயம் ஒன்றும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ் 1933-இல் தயாரித்த மௌனப்படம் 'மார்த்தாண்ட வர்மா'. படத்துக்கு மூலமான நாவலின் பதிப்புரிமை தங்களுடையது என்று பதிப்பாளர் வழக்குப் போட, படம் அப்படியே முடங்கியது. முடங்கியதால்தான் பிழைத்தது! 1974-இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருளை மீட்டது. தென்னிந்திய மௌனப்படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது அநேகமாக அது ஒன்றுதான்.

பார்க்க ஆளில்லாமல் எத்தனையோ படைப்புகள் காற்றில் கரைந்துபோயின. அதனால் நமக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதை இந்த வாரமே பார்த்துவிடுவோம், கேட்டுவிடுவோம். இதோ, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள் விருந்து!

திங்கள்: பாட்டே இல்லாத படம், வீணை வித்வான் எடுத்தது!

பார்க்க வேண்டியது 'அந்த நாள்' (1954). தமிழ்ப்படம் என்றாலே பாட்டு என்றிருந்த காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப்படம் இது. நடனம் இல்லை, சண்டைக்காட்சியும் இல்லை. படம் தொடங்கிய மூச்சிலேயே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். அந்தக் கதாநாயகன் யார் தெரியுமா? சிவாஜி கணேசன்! இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது அல்லவா? அந்த இரவை ஒட்டியே கதை நடக்கிறது. கொலையாளி யார் என்று விசாரணை தொடங்க, ஒவ்வொருவரும் தன் பார்வையில் ஒரு கதை சொல்கிறார்கள். அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' தந்த உந்துதல் அது.

இயக்குநர் எஸ்.பாலசந்தர். ஆமாம், அதே வீணை எஸ்.பாலசந்தர்தான்! குரு என்று ஒருவரும் இல்லாமல் தானாகவே வீணை கற்று, பத்மபூஷண் வரை போன மேதை. இசையையே மூச்சாகக் கொண்ட மனிதர் பாட்டில்லாத படம் எடுத்தார் என்றால், எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அவருக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. படம் முடிந்ததும் அவருடைய வீணைப் பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். தந்தியை இழுத்து இழுத்து அவர் வாசிக்கும் கமகத்தில் வாய்ப்பாட்டே கேட்கும். நேரம் இருந்தால் அவருடைய 'பொம்மை' (1964) படத்தையும் பாருங்கள். படத்தின் முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை அவரே திரையில் அறிமுகம் செய்துவைப்பார்!

செவ்வாய்: ஒரு வார்த்தை பேசாத 'பேசும் படம்'!

1987-இல் 'நாயகன்' வந்தது. வேலு நாயக்கராக கமல்ஹாசன் பேசிய பேச்சை ஊரே திருப்பிச் சொன்னது. அதே ஆண்டில் அதே கமல் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு முழுநீளப் படத்தில் நடித்தார், தெரியுமா? சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படம் கன்னடத்தில் 'புஷ்பக விமானா', தமிழில் 'பேசும் படம்'.

வசனம் மட்டும்தான் இல்லை. சத்தம் நிறைய இருக்கிறது. நாயகன் தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சினிமா கொட்டகை. அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவனுக்கு, நட்சத்திர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வரவில்லை! என்ன செய்கிறான்? பழைய அறையின் சத்தத்தை டேப்ரிக்கார்டரில் பதிந்துகொண்டு வந்து, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறான். வேலையில்லாத ஒருவனின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? டினு ஆனந்த் ஏற்ற கூலிக் கொலைகாரன் பயன்படுத்தும் ஆயுதம் எதனால் ஆனது தெரியுமா? பனிக்கட்டி! குத்திய பிறகு உருகிவிடும், தடயம் மிஞ்சாது.

வார்த்தை இல்லாத நாளுக்கு வார்த்தை இல்லாத இசைதான் பொருத்தம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பைக் கேளுங்கள். திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் அவர் செலுத்திய காணிக்கை அது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஓடி ஓடி வருகிறது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, எண்பதைக் கடந்த வயதில், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார்! 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா' பாட்டு, 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய உலகளாவிய வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்தது. அதுவும் இவர் இசைதான்.

புதன்: சிவாஜியின் விரல்கள், மதுரையின் மூச்சு!

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்க்காத வீடு உண்டா? இருந்தாலும் இன்னொரு முறை பாருங்கள், இந்த முறை நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியின் கழுத்தையும் கன்னத்தையும் விரல்களையும் மட்டும் கவனியுங்கள். நாதஸ்வரம் வாசிப்பது சிவாஜி இல்லை என்று சத்தியம் செய்தாலும் மனம் நம்பாது. உண்மையில் அந்த நாதம் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது! எந்த இடத்தில் மூச்சு இழுப்பார்கள், எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் எழும் என்று அவர்களைப் பார்த்துப் பார்த்து நடிகர் திலகம் உள்வாங்கியிருக்கிறார். டி.எஸ்.பாலையாவின் தவில், நாகேஷின் வைத்தி, மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி... எதை விடுவது?

கதையை 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவார்!

கேட்பதற்கு, 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் நாதஸ்வரமும் பெண் குரலும் போட்டி போடுகிற ஆபேரி ராகப் பாட்டு. நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், குரல் எஸ்.ஜானகி. தெருவையே நிறைக்கும் பெரிய வாத்தியத்தோடு ஒற்றைக் குரல் சரிக்குச் சரி நிற்கிறது என்றால் எப்படிப்பட்ட சாதகம் அது! ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எது குழல், எது குரல் என்று இரண்டொரு இடத்தில் தடுமாறிப் போவீர்கள்.

வியாழன்: கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு வானொலி!

இன்று திரையே வேண்டாம். இலங்கை வானொலி எதிலிருந்து பிறந்தது தெரியுமா? முதல் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளிலிருந்து! எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியாளர் அந்தப் பாகங்களைக் கொண்டு ஒரு ஒலிபரப்பியை உருவாக்கி, 1924-இல் கொழும்பில் சோதனை நடத்தினார். 1925 டிசம்பர் 16 முதல் முறையான ஒலிபரப்பு. போருக்குப் போன கருவி, பிற்பாடு தென் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி கொண்டு எழுப்பும் நிலையத்துக்கு வித்தாகியிருக்கிறது! அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவின் வேகமும், பி.எச்.அப்துல் ஹமீதின் தெளிந்த தமிழும் கடல் தாண்டி வந்து எத்தனை பேருக்கு உச்சரிப்புப் பாடம் நடத்தின! பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒன்றிரண்டு கேளுங்கள்.

வானொலியால் ஒரு நெல்லுக்கே பெயர் மாறியது தெரியுமா? ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரகத்தை 1960-களில் வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'! கேட்டது வயலில் முளைத்தது.

வெள்ளி: முதுமலையிலிருந்து ஆஸ்கருக்கு!

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' (2022). முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் தாயை இழந்த ரகு என்ற குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கினார். 2023-இல் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. உலகமே எழுந்து கைதட்டிய அந்தப் படத்தில் பேசப்படுவது பெரும்பாலும் தமிழ்! இன்னொரு நல்ல சேதி: அதே ஆண்டில் தமிழக அரசு பெள்ளிக்கு தெப்பக்காட்டிலேயே காவடி (யானைப் பாகனின் உதவியாளர்) பணி ஆணை வழங்கியது. யானைக்குட்டியோடு அவர் பேசும் விதத்தைக் கவனியுங்கள். எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் அப்படித்தான் பேசுவாள்.

சனி: ஒரு மகன், ஒரு தந்தை, 13 கிலோமீட்டர்!

'கூழாங்கல்' (2021). ஒன்றேகால் மணி நேரம்தான். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, கொளுத்தும் வெயில். குடிகார அப்பா மகனைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துப் பிறந்த வீடு போன மனைவியை அழைத்து வரக் கிளம்புகிறார். திரும்பும் வழியெல்லாம் நடை. பி.எஸ்.வினோத்ராஜுக்கு இது முதல் படம். தன் சகோதரி 13 கிலோமீட்டர் நடந்தே வர நேர்ந்ததிலிருந்துதான் கதை பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ராட்டர்டாம் விழாவின் உயரிய புலி விருதை வென்ற முதல் தமிழ்ப்படம் இது, தெரியுமா? தாகம் தெரியாமலிருக்கச் சிறுவன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்வான். அந்த ஒரு செயலில் அவன் வாழ்க்கை முழுதும் இருக்கிறது. வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி'யில் (2024) பின்னணி இசையே கிடையாது. காற்றும் சேவலும் ஆட்டோவின் உறுமலும்தான் இசை.

இன்னும் ஒன்று பார்க்கத் தெம்பு இருந்தால் 'விசாரணை'. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார் தன் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவலை வெற்றிமாறன் படமாக்கினார். 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது, பிறகு இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் ஆனது. அதே 2015-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற பிரெஞ்சுப் படம் 'தீபன்'. அதில் ஈழ அகதியாக நாயக வேடம் ஏற்றவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. வசனத்தில் பெரும்பகுதி தமிழ்!

ஞாயிறு: முரசுக்குள் ஒளிந்த படை!

வீட்டில் எல்லாரும் கூடும் நாளுக்கு 'சந்திரலேகா' (1948). ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன், இயக்கத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு பணத்தைத் தண்ணீராகச் செலவழித்த படம். சர்க்கஸ் உண்டு, கத்திச்சண்டை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த முரசு நடனம்! வரிசை வரிசையாகப் பிரம்மாண்ட முரசுகள், அவற்றின்மேல் ஆடும் நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் திறக்கின்றன, உள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள்! கணினி வித்தை எதுவும் இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். ஒவ்வொரு தலையும் நிஜத் தலை, ஒவ்வொரு முரசும் நிஜமாகச் செய்தது. இந்தியில் எடுத்த வடிவம் வட இந்தியாவின் கதவையே தென்னகத்துக்குத் திறந்துவிட்டது. இதன் கதைக்குழுவில் இருந்தவரும், பாபநாசம் சிவனோடு சேர்ந்து பாட்டு எழுதியவரும் யார்? புதன்கிழமை பார்த்தோமே, அதே கொத்தமங்கலம் சுப்பு!

மாலையில் பி.சுசீலா. தனியாகவும் ஜோடியாகவும் குழுவோடும் 17,695 பாடல்கள் பாடியதாக 2016-இல் கின்னஸ் அவருக்குச் சான்று தந்தது. பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது தொடங்கியபோது அதை முதலில் பெற்றவரும் அவரே, படம் 'உயர்ந்த மனிதன்'. அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சுசீலா பாட்டு வைத்திருப்பார்கள்.

கொசுறு: மூன்று தீபாவளி ரகசியம்

எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் 1945 தீபாவளியையும் 1946 தீபாவளியையும் தாண்டி ஓடியது. இதில் உச்சபட்ச ஆச்சரியம் என்ன தெரியுமா? படம் வந்த சில வாரங்களிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும், உடன் நடித்த என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். விடுதலையானது 1947-இல்தான். விளம்பரத்துக்கு வந்து நிற்க நாயகன் இல்லை, தொலைக்காட்சி இல்லை, டிரெய்லர் இல்லை. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொன்னார், சொன்னவரே மறுபடியும் போனார். அவ்வளவுதான்!

ஒரு படைப்புக்கு ஆயுள் கொடுக்க நம்மால் முடிகிற பெரிய காரியம் அதுதான். இந்த ஏழு நாளில் எது உங்களை உலுக்கியதோ அதை ஒரே ஒருவரிடமாவது சொல்லுங்கள். முடிந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கூடவே பாருங்கள். உங்களுக்குத் தெரிந்து, எனக்கு இன்னும் எட்டாத அதிசயங்கள் நிச்சயம் இருக்கும். அடுத்த வாரப் பட்டியலை நீங்கள் போடுங்கள், முதல் ஆளாகப் பார்க்க நான் தயார்!